எலுமிச்சை இலையில் பாதிக் கோடு

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்குத் தம்பி பணிவன்புடன் எழுதிக்கொள்வது.

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன். தங்கள் உடல்நலமும், அத்தானின் முழங்காலும், மாடிக் குழாயின் ஒழுகலும் இந்நேரம் சரியாகியிருக்கும் என நம்புகிறேன். இங்கு அனைவரும் நலம் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட ஆசைதான். ஆனால் வீட்டில் இருக்கும் மூன்று பேரில் இரண்டு பேருடைய நலத்துக்குத்தான் என்னால் உறுதி சொல்ல முடியும். மூன்றாவது ஆள் நான். தங்கள் தோட்டத்து எலுமிச்சை மரத்தின் இலைகளில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்திருப்பதாகவும், உடனே வந்து இரண்டு முறை மருந்து அடித்துக் கொடுக்கும்படியும் எழுதியிருந்தீர்கள். அதற்குப் பதில் சொல்ல ஒரே ஒரு வரி போதும். ஆனால் இங்கே நடந்ததைச் சொல்லாமல் அந்த வரியை எழுதினால், தம்பிக்கு மருந்து வாடை மூளைக்கு ஏறிவிட்டது என்று நீ அத்தானிடம் சொல்வாய். ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படி.

உன் மருமகளுக்கு ஒன்பது வயது முடிந்ததும் அவள் பள்ளியில் ஓவிய வகுப்பு ஆரம்பித்தார்கள். ஓவியம் என்றால் மலை, நடுவில் சூரியன், கீழே வீடு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆசிரியை வேறு மாதிரி. பிள்ளைகள் கையில் வண்ணப்பெட்டியே கொடுக்கவில்லை. "மனுஷங்க யாரும் போடாத ஒரு கோட்டைக் கண்டுபிடிச்சுட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் தேட வேண்டும், கடைசி சனிக்கிழமை கண்காட்சி. ஒரு பையன் நத்தை போன தடத்தைக் கறுப்புக் காகிதத்தில் பிடித்து வந்தான். ஒருத்தி மரப்பட்டையின் வெடிப்பைக் கரியால் தேய்த்து எடுத்தாள். நம்ம வீட்டு மகாராணி எங்கேயும் போகவில்லை. பால்கனியில் இருந்த எலுமிச்சைத் தொட்டியின் முன்னால் உட்கார்ந்தாள், பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்தாள், அதோடு சரி. பள்ளி விட்டு வந்தால் அங்கேதான். சாப்பாட்டுத் தட்டும் அங்கேதான் போகும். நான் என்ன என்று கேட்டால், "இரு அப்பா, இன்னும் முடியல" என்பாள். பிள்ளை செடி வளர்க்கிறாள் என்று நினைத்துப் பூரித்துப் போனேன். கண்காட்சிக்கு ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பெரியவரைக் கூட்டி வர வேண்டுமாம். 'உடன் நின்று பார்ப்பவர்' என்று ஒரு சீட்டு. அதில் அவள் 'அப்பா' என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தாள். தண்ணீர் குடிக்கும் சாக்கில் அந்தக் கதவை நான் எத்தனை தடவை திறந்தேன் என்று வீட்டுக்காரியைக் கேள், சிரித்துக்கொண்டே சொல்வாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே கால் மணி. தாயும் மகளும் கடைக்குப் போயிருந்தார்கள். பால்கனிக்குப் போனவன் தொட்டியைப் பார்த்தேன். பார்த்ததும் கை துறுதுறுத்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக ஊராருக்குக் கரையானும் கரப்பானும் மூட்டைப்பூச்சியும் ஒழித்துக் கொடுத்தவன் வீட்டிலேயே, அதுவும் பெற்ற மகள் பார்த்துப் பார்த்து வளர்க்கிற செடியிலேயே, இலையைக் குடைகிற புழு! ஒரு இலைக்குள் அது உட்கார்ந்திருப்பது வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. பிள்ளை வருவதற்குள் செடியைக் காப்பாற்றிக் கொடுத்து அசத்திவிடலாம் என்று நினைத்தேன், அக்கா. கெட்ட எண்ணம் துளியும் இல்லை. இலைக்குள்ளே ஊறி இறங்குகிற மருந்தாகப் பார்த்து எடுத்தேன். அடித்துவிட்டு, ஒரு துணியால் இலைகளைத் துடைத்துப் பளபளவென்று வேறு வைத்தேன்.

வந்தாள். பார்த்தாள். கத்தவும் இல்லை, அழவும் இல்லை. பூதக்கண்ணாடியை வைத்து அந்த இலையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வரைஞ்சுக்கிட்டிருந்தவரைக் கொன்னுட்டீங்க" என்றாள். 'கொன்னுட்டீங்க.' உன் மருமகளை உனக்குத் தெரியும். நல்ல மூடில் இருந்தால் நான் 'நீ', கோபம் வந்தால் எனக்கு மரியாதை வந்துவிடும். அதற்கப்புறம் ஒரு வாரம் வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதை ஒரு மந்திரிக்குக்கூடக் கிடைத்திருக்காது. "உப்பு வேணுமா உங்களுக்கு?" "உங்க செருப்பு வழியில கிடக்கு." அந்த ஞாயிறு சாயங்காலமே தண்ணீர் குடிக்கப் போனால், சீட்டில் 'அப்பா' அடிக்கப்பட்டு 'அம்மா' என்று இருந்தது. ஒரு கோடு போட்டு அடித்தாலும் போதும். மூன்று கோடு போட்டிருந்தாள்.

விஷயத்தை வீட்டுக்காரிதான் விளக்கினாள். அந்தப் புழு இலைக்குள் போகிற பாதைதான் மனுஷன் போடாத கோடாம். தினமும் அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்த்து நாளுக்கு ஒரு தாளில் வரைந்து, இதுவரை ஏழு தாள் ஆகியிருக்கிறது. சனிக்கிழமைக்குள் கோடு முடிந்து புழு வெளியே வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். "நீங்க செடியக் காப்பாத்துனீங்க, அவ படத்த அழிச்சிட்டீங்க" என்றாள் வீட்டுக்காரி. இதில் என் பக்கம் பேச ஒரு நாதியும் இல்லை.

சரி, போனது போகட்டும், வேறு ஒரு புழுவைக் கொண்டுவந்து காலில் விழுந்துவிடலாம் என்று கிளம்பினேன். அப்போதுதான் அக்கா, என் வேலையின் லட்சணம் எனக்கே புரிந்தது. இந்தப் பக்கத்தில் எலுமிச்சை வைத்திருக்கிற வீடு எல்லாம் என் வாடிக்கை வீடு. ஒரு வீட்டிலும் ஒரு புழு இல்லை. அவ்வளவு சுத்தமாக வேலை பார்த்திருக்கிறேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அதற்காக வருத்தப்பட்டேன். பல் டாக்டர் அம்மா வீட்டுத் தோட்டத்தில் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் வந்துவிட்டார்.

"என்ன தேடுறீங்க?"

"ஒரு புழு கிடைக்குமான்னு பாக்குறேன் மேடம். ஒண்ணே ஒண்ணு போதும்."

"ஒரு வருஷத்துக்கு ஒண்ணும் வராதுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

"அது வரலதான் மேடம். அதான் கஷ்டமா இருக்கு."

நான் வீடு திரும்புவதற்குள் அவர் எங்கள் மேலாளருக்குப் போன் போட்டு, உங்கள் ஆள் தோட்டத்தில் புழு விடப் பார்க்கிறான் என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அவர் நம் நிறுவனத்தின் நற்பெயர் என்று ஆரம்பித்துப் பேசிக்கொண்டே போனார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. அவருக்குப் பின்னால், ஜன்னலோரம், ஒரு எலுமிச்சைத் தொட்டி. அதன் இளம் இலையில் வெள்ளையாக, வளைந்து வளைந்து, ஒரு கோடு. கோட்டின் முனையில் ஆள் உயிரோடு இருக்கிறார்.

"சார், இது எத்தனை நாளா இருக்கு?" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். முகம் வெளுத்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பூச்சி ஒழிப்பு நிறுவனத்தின் மேலாளர் அறையில் பூச்சி என்றால் சும்மாவா. "வெளிய யாருக்கும் தெரிய வேணாம். எடுத்துட்டுப் போயிருங்க" என்றார். என் மேல் இருந்த புகாரும் அதோடு போயிற்று.

கரப்பான் மல்லாந்து கிடக்கிற படம் போட்ட எங்கள் வேனில் இருந்து மருந்து டப்பா அத்தனையும் இறக்கி வைத்து, மூன்று தடவை கை கழுவி, தொட்டியை முன் இருக்கையில் வைத்துப் பெல்ட் போட்டேன். பள்ளம் வந்தால் மாட்டு வண்டி வேகத்தில் போனேன். பின்னால் வந்தவர்கள் எல்லாம் திட்டினார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வேனில் உயிரோடு பயணம் செய்த முதல் புழு அதுதான்.

சனிக்கிழமை தொட்டியும் கையுமாகப் பள்ளிக் கண்காட்சிக் கூடத்துக்குள் நுழைந்தேன். மகள் தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அங்க வைங்க" என்றாள். இன்னும் 'வைங்க'தான். வீட்டுக்காரி என்ன நினைத்தாளோ, "எனக்கு அந்த நத்தைத் தடத்தப் பாக்கணும்" என்று நகர்ந்துவிட்டாள். அவள் நின்ற இடத்தில் நான் நின்றேன். அங்கே ஒரு விதி: ஒரே படத்தின் முன்னால் பத்து நிமிஷம் நிற்க வேண்டும், நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று சொல்லக் கூடாது, கீழே எழுதியிருப்பதைக் கடைசியில்தான் படிக்க வேண்டும்.

சட்டத்துக்குள் அந்த இலை. பக்கத்தில் ஏழு தாள். முதல் இரண்டு நிமிஷம் என் சட்டைப் பொத்தானைப் பற்றித்தான் யோசித்தேன். அப்புறம் பார்க்க ஆரம்பித்தேன், அக்கா. கோடு தொடங்கும் இடம் தலைமுடியைவிட மெல்லிசு. போகப் போக அகலமாகிறது. ஏன் என்று யோசித்தேன். புழு வளர்கிறது, அக்கா! தின்னத் தின்ன உடம்பு பெருக்கிறது, உடம்பு பெருக்கப் பெருக்கக் கோடும் பெருக்கிறது. நடு நரம்பு வரைக்கும் வருகிறது, தாண்ட முடியவில்லை, கூடவே போகிறது, திரும்புகிறது, மறுபடியும் வருகிறது. அதன் சின்ன வயசு முழுக்க ஒரே கோட்டில், ஒரு இடத்தில்கூடக் கை எடுக்காமல் போட்டு வைத்திருக்கிறது. இந்தக் கோட்டை நான் ஆயிரம் இலையில் பார்த்திருப்பேன், ஒரு இலையில்கூடப் பார்த்ததில்லை. பிறகு கோடு, அதன் ரொம்ப அகலமான இடத்தில், சட்டென்று நிற்கிறது. அது நின்ற மணி எனக்கு மட்டும்தான் தெரியும்.

"என்ன தெரியுது சார்?" என்று ஆசிரியை கேட்டார்கள்.

"வளர்ந்துக்கிட்டே போயிருக்கு" என்றேன்.

பிறகு குனிந்து கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். 'வரைந்தவர்: ஒரு புழு. நிறுத்தியவர்: என் அப்பா.' வந்தவர் போனவர் எல்லாரும் படிக்கும்படி கொட்டை எழுத்தில். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையிலிருந்து பென்சிலை எடுத்தாள். முழங்கால் போட்டு உட்கார்ந்து, என் பேருக்குப் பக்கத்தில் இருந்த கொஞ்ச இடத்தில், இடுக்கி இடுக்கி ஒரு வார்த்தை சேர்த்தாள். 'தெரியாமல்.' எழுந்து தொட்டியைத் தூக்கிக்கொண்டு, "இது எங்க கிடைச்சுது? நீ இன்னும் பாக்கணும்னா நில்லு, நான் இத வெளிச்சத்துல வைக்கிறேன்" என்றாள்.

ஆகவே அக்கா, அந்த ஒரு வரி இதுதான்: உன் எலுமிச்சை இலையைத் தொடாதே. அத்தானையும் தொட விடாதே. அடுத்த விடுமுறைக்கு மூன்று பேரும் பூதக்கண்ணாடியோடு வருகிறோம். மருந்தும் வராது, இயந்திரமும் வராது. வேலைக்குப் போகும் இடத்தில் செய்வதைச் செய்துதான் ஆக வேண்டும், ஆனால் வீட்டில் இனி என் கையால் ஒரு உயிர் போகாது. இது உன் மேல் ஆணை.

தங்களுக்கும் அத்தானுக்கும் எங்கள் வணக்கம். தங்கள் மரமும் அதில் குடியிருப்பவர்களும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
என்றும் தங்கள் ஆசியை நாடும்,
தம்பி

பின்குறிப்பு: மூன்றாம் பக்கத்தின் நடுவில் பழுப்பாக இருக்கும் கறையைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆணை இட்டு முடித்து மை காயக் காத்திருந்தபோது மேஜையில் ஒரு கரப்பான் ஓடியது. கையில் இருந்தது இந்தக் கடிதம்தான். பழக்க தோஷம். உன் மருமகள் பார்த்துவிட்டாள். பத்து நிமிஷம் அந்தக் கறையையே பார்த்தாள். அதன் கீழே பென்சிலில் இருப்பது என் கையெழுத்து அல்ல. உனக்குக் கண்ணாடி போட்டாலும் பென்சில் எழுத்து தெரியாது என்பதால் இங்கே எடுத்து எழுதுகிறேன்: 'வரைந்தவர்: கரப்பான். நிறுத்தியவர்கள்: என் அப்பா அவர்கள். தெரிந்தே.'