அமுங்காத கேமராவும் என் இடது காதும்

யாராவது ஒரு விஷயத்தை விளக்கிச் சொன்னால், காதில் வாங்காமல் தலையை மட்டும் ஆட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் தொடங்கி இன்றைக்கு எனக்கு மாத்திரை எழுதித் தரும் டாக்டர் வரை எல்லோரும் என் தலையாட்டலை நம்பி ஏமாந்தவர்கள்தான். ஆனால் அதிகம் ஏமாந்தது என் அண்ணன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. அப்பா காலமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் பட்டாளத்தில், வடக்கே எங்கோ பனிக்குள் இருந்தான். எனக்கு இருபது வயது, அரும்பு மீசை, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. லீவில் வந்த அண்ணன் ஒரு பழைய கேமராவை என்னிடம் விட்டுப்போனான். கனத்த பெட்டி. முன்பக்கம் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் கண்கள். வயிற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். அதை எப்படி இயக்குவது என்று அண்ணன் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தான். நானும் ஒரு மணி நேரம் தலையாட்டினேன். (அப்போது தெருவில் இரண்டு சேவல்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. எந்தச் சேவல் ஜெயித்தது என்று இன்றும் சொல்வேன்.)

அடுத்த வருஷம் அக்கா சரசுவுக்குக் கல்யாணம் கூடியது. அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. "வேறு படம் எதுவும் வேண்டாம். தாலி கட்டும் நேரத்தை மட்டும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்தால் நானும் அங்கே நின்ற மாதிரி இருக்கும்" என்று எழுதியிருந்தான். அந்தக் கடிதத்தை அம்மா என்னை மூன்று தடவை படிக்கச் சொன்னாள்.

திண்டுக்கல்லில் இருந்து ஸ்டுடியோக்காரரைக் கூட்டிவரலாம் என்றார் பெரியப்பா. வீட்டிலேயே கேமரா இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று நான் தடுத்தேன். "ஏலே, ஒனக்கு அத இயக்கத் தெரியுமா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

சேவுகம்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல். மாப்பிள்ளை வீட்டார் நெய்க்காரப்பட்டிக்காரர்கள். விடிந்ததிலிருந்து கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு, ஒவ்வொருவர் முன்னாலும் போய்க் குனிந்து நின்றேன். மாப்பிள்ளையின் அப்பா சங்கடப்பட்டுப் போனார். "ஏனுங்க தம்பி, எதுக்குங்க எங்களுக்கெல்லாம் இத்தனை கும்பிடு? சம்பந்தி ஆகிப்போட்டோமுங்களே" என்றார். இது கும்பிடு இல்லை, போட்டோ என்று பெரிய மனது பண்ணி விளக்கினேன்.

எதையோ திருகி எதையோ அமுக்கி, முகூர்த்தத்துக்குள் பதினோரு படத்தைத் தீர்த்துவிட்டேன். சமையல்காரரும் சாம்பார் அண்டாவும் இரண்டு, நாதஸ்வரக்காரரின் உப்பிய கன்னம் ஒன்று, சம்பந்தியின் குடை ஒன்று, இப்படியே. அக்காவை எடுத்தேனா என்று கேட்காதீர்கள். ஆனால் பன்னிரண்டாவதைத் தாலிக்கென்று பத்திரமாக வைத்திருந்தேன். அந்த அளவுக்கு நான் பொறுப்பானவன்.

பெரியப்பாவும் பெரியம்மாவும் மணமேடையில் நின்று தாரை வார்த்தார்கள். அப்பா போனபிறகு அம்மா எந்தக் கல்யாணத்திலும் மேடைப் பக்கம் வருவதில்லை. வராதே என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே நடக்கிற வழக்கம் அது. சொந்த மகள் கல்யாணத்திலும் எனக்குப் பத்தடி பின்னால், ஒரு பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அது உறைக்கவில்லை. என் கவலையெல்லாம் மேடைக்கு நேர் எதிரே நான் நிற்பதை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதுதான்.

மாப்பிள்ளை தாலியை எடுத்தார். கெட்டிமேளம் கிளம்பியது. நான் பொத்தானை அமுக்கினேன். அமுங்கவில்லை. மறுபடி அமுக்கினேன். கல்லை அமுக்கியது போல இருந்தது.

"மாப்ளே, செத்த நேரம் அப்படியே இருங்க," என்றேன்.

உலகத்தில் வேறு எந்த மச்சினனும் இதைச் சொல்லியிருக்க மாட்டான். அந்த நல்ல மனிதர், அக்காவின் கழுத்துக்கு அரை சாண் தூரத்தில் தாலியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். கெட்டிமேளத்தை நிறுத்தக் கூடாதே என்று நாதஸ்வரக்காரர் ஊதிக்கொண்டே இருந்தார்; அவர் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. ஐயர் முகூர்த்தம் போகிறது என்று கையை ஆட்டினார். குனிந்த தலை நிமிராமல் இருந்த அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அந்தக் கேமராவில் திருகுவதற்கு என்னென்ன உண்டோ அத்தனையையும் திருகினேன். இழுக்க வந்ததை இழுத்தேன். கூட்டத்தில் ஒருவர் தட்டிப் பார்க்கச் சொன்னார், தட்டினேன். இன்னொருவர் ஊதச் சொன்னார், அதையும் செய்தேன்.

திரும்பவும் அமுக்கினேன். இந்த முறை பொத்தான் உள்ளே போனது. ஆனால் 'கிளிக்' வரவில்லை. அவ்வளவுதான், செத்துப்போயிற்று என்று முடிவு கட்டினேன். பெரியப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "அந்தச் சனியன் கெடக்கு. நீங்க கட்டுங்க மாப்ளே," என்றார். மாப்பிள்ளை முடிச்சுப் போட ஆரம்பித்தார். நான் கேமராவை என் பக்கம் திருப்பி, முகத்துக்கு நேரே தூக்கி, உள்ளே என்னதான் கேடு என்று கண்ணாடிக் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தேன்.

மூன்றாவது முடிச்சு விழும்போது 'கிளிக்' என்றது.

சாயங்காலம் கேமராவை உறையில் போடும்போது, உறையின் மூடிக்குள் மடித்த தாள் ஒன்று இருந்தது. அண்ணன் கையெழுத்து. 'பொத்தான் அமுங்கவில்லை என்றால், முந்தின படத்துக்குப் பிறகு நீ ரோலைச் சுற்றவில்லை. சுற்று. அமுங்கியும் சத்தம் இல்லை என்றால், ஓரத்துக் குச்சியை இழுத்துவிட்டிருக்கிறாய். நம்மையே நாம் எடுத்துக்கொள்வதற்கான குச்சி அது. பத்து எண்ணினால் தானாகச் சுடும். நீ தலையாட்டினபோதே தெரியும், அதனால்தான் எழுதி வைக்கிறேன்.' உட்கார்ந்து அழுதேன். உண்மையாகவே அழுதேன். அவன் கேட்டது ஒரே ஒரு படம்.

ஸ்டுடியோக்காரர் கழுவிக் கொடுத்த பன்னிரண்டாவது படத்தில் பாதிக்கு மேல் நான்தான். ஒரு கண், இரண்டு மூக்குத் துவாரங்கள், ஒரு காது, எல்லாம் புகைமூட்டமாக. நான் திருகின திருகலில் பத்தடித் தூரத்துக்கு வந்து நின்ற ஃபோகஸ், பின்னால் பத்தடியில் நின்ற ஆளுக்குச் சரியாக விழுந்திருக்கிறது என்றார் அவர். அப்போதுதான் கவனித்தேன். என் காதுக்கு அப்பால், பந்தல்காலை ஒட்டி, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, கண்ணீரும் சிரிப்புமாக அம்மா. ஒரு முடிகூடக் கலங்காமல் அத்தனை தெளிவாக இருந்தாள். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் எந்த ஸ்டுடியோக்காரரும் கேமராவைத் திருப்பியிருக்க மாட்டார்.

நான் ஒளித்து வைத்த படத்தை அக்கா எடுத்து அண்ணனுக்கு அனுப்பிவிட்டாள். பதில் வந்தது. "தாலி கட்டியதைப் பார்த்துவிட்டேன். அம்மா முகத்தில் இருக்கிறது. முன்னால் நிற்கும் காட்டெருமை யாருடையது என்று இங்கே எல்லோரும் கேட்கிறார்கள்."

அதன்பிறகு எங்கள் குடும்பக் கல்யாணங்களில் தாலி எடுத்ததும் "தம்பி, மூஞ்சியத் திருப்பிக்க" என்று அக்கா குரல் கொடுக்காமல் கெட்டிமேளம் முடிந்ததில்லை. கேமராவை யாரும் என் கையில் தருவதும் இல்லை.

பல வருஷம் கழித்து அம்மா போனபோது, சுவரில் மாட்ட ஒரு படம் தேடினோம். அம்மாவுக்கென்று இருந்தது அண்ணன் பத்திரமாக வைத்திருந்த அந்த ஒன்றுதான். என்னை வெட்டிவிட்டு அம்மாவை மட்டும் பெரிதாக்கித் தரச் சொன்னோம். ஸ்டுடியோக்காரர் எவ்வளவோ முயன்றார். என் இடது காதை மட்டும் அவரால் எடுக்க முடியவில்லை. அம்மாவின் தோளை ஒட்டி, ஓரத்தில், புகையாக இன்றும் இருக்கிறது. வருஷாவருஷம் அம்மா நினைவுநாளில் அக்கா படத்தைத் துடைத்து, அம்மா நெற்றிக்கு ஒரு சந்தனப் பொட்டு வைப்பாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்தக் காதுக்கும் ஒன்று வைப்பாள். "இதாச்சும் இனிமே ஒழுங்காக் கேக்கட்டும்" என்பாள்.

நான் தலையாட்டுவேன்.