பச்சைச் சட்டைக்காரிக்குப் படையல்

“படத்தை நாங்கள் எடுப்பதில்லை” என்றார் தாடிக்காரர்.

குலசேகரம் போர்வையில் சுற்றிய படத்தைக் கீழே வைக்கவில்லை. வீடு இருக்கும் செவன் கிங்ஸிலிருந்து ரயிலில் அணைத்துக்கொண்டு வந்த படம். வைத்தால் திரும்பத் தூக்க மனம் வராது.

“அயர்லாந்து ஓவியர்களுக்கான இடம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரே?” என்று தன் இங்கிலீசில் கேட்டார்.

“இது ஆவணக்காப்பகம். ஓவியங்களின் ஃபோட்டோ, பேப்பர்த் துண்டு, கண்காட்சி அழைப்பிதழ், இவற்றைத்தான் சேர்க்கிறோம். யாரும் வந்து பார்க்கலாம், யாரும் தரலாம். நீங்களும் ஒரு ஃபோட்டோ எடுத்து வாருங்கள். படம் உங்களிடமே இருக்கட்டும்.”

படம் அவரிடமே இருப்பதுதான் பிரச்சினை. அதை இந்தத் தாடிக்கு எப்படி விளங்கவைப்பது?

வீடு வாங்கிய புதிதில் கூரைக்கடியிலுள்ள லொஃப்டில் கிடைத்தது அது. பச்சைக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெட்டை. உலகப்போருக்கு முன் அங்கே வாடகைக்கு இருந்த அயர்லாந்து ஓவியர் ஒருவர் கீறியதாம். எங்கே நின்று பார்த்தாலும் அவள் நம்மைத்தான் பார்ப்பாள். சும்மா கிடந்ததைத் துடைத்து ஹோலில் மாட்டியது குலசேகரத்தின் கெட்ட காலம்.

“ஆரின்ரை செத்த வீட்டுப் படம் இது?” என்று கேட்டாள் மனைவி கனகாம்பிகை.

ஒரு ஆளைத் தனியே பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டினால் அந்த ஆள் செத்துவிட்டது என்பதுதான் அவளுக்குத் தெரிந்த உலகம். உயிரோடு இருப்பவர்களுக்கு அல்பம் இருக்கிறது. அந்தக் கிழமையே இரண்டு பல்ப் வெடித்தன. குலசேகரம் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தார். மிச்சப் பல்புகளும் போயின.

“பசியிலை நிக்கிறா” என்று முடிவு கட்டினாள் கனகாம்பிகை. படத்துக்குப் பொட்டு வைத்தாள், மாலை போட்டாள், வெள்ளிக்கிழமை சோறும் கத்தரிக்காய்க் கறியும் படைத்தாள்.

“வெள்ளைக்காரிக்கு உருளைக்கிழங்கை அவிச்சு வைச்சால் காணாதே?” என்றார் குலசேகரம்.

“செத்தவை, வீட்டிலை என்ன சமைக்கிறமோ அதைத்தான் சாப்பிட வேணும்.”

பல்ப் வெடிப்பது நின்றது. ஆனால் படைத்த சோற்றை எடுத்து வாயில் வைத்த கனகாம்பிகையின் முகம் மாறியது. உப்பில்லை, புளியில்லை, உறைப்பில்லை. சட்டியில் இருந்த அதே கறி ருசியாகத்தான் இருந்தது. தட்டில் இருந்தது வெறும் சக்கை. சில வெள்ளிக்கிழமைகள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு சூட்கேஸை எடுத்துக்கொண்டு குட்மேய்ஸில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள்.

“அந்த மனிசி போனாப்பிறகு நான் வாறன். குப்பையிலை மட்டும் போட்டிடாதேங்கோ, பாவம் சுத்தும்.”

அவள் இல்லாத வீட்டில் குலசேகரத்துக்குத் தேத்தண்ணிகூட இறங்கவில்லை. இன்று வெள்ளிக்கிழமை காலை, முதல்முறையாகத் தானே கணக்குத் தெரியாமல் தூளைப் போட்டுக் கறி வைத்து, படைத்து, பிறகுதான் படத்தைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்.

“சரி, ஃபோட்டோ கொண்டுவருகிறேன்” என்று திரும்பியவருக்கு முதுகு கூசியது. யாரோ பார்க்கிறார்கள். ஒரு பக்கம் நகர்ந்தார். பார்வையும் நகர்ந்தது. மூலையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி பழைய அழைப்பிதழ்களை அடுக்கிக்கொண்டு, மடக்கு மடக்காகத் தண்ணீர் குடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய சாண்ட்விச் பிரிக்காமல் கிடந்தது. குலசேகரம் படத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

அன்று பின்னேரம் மனைவிக்குப் போன் எடுத்தார்.

“அவை படத்தை எடுக்கமாட்டினமாம். ஃபோட்டோதான் வேணுமாம்.”

“அப்ப இனி ரெண்டு இடத்திலை இருக்கப் போறா. நல்ல அலுவல் பாத்தியள்.”

மனுஷர் படைத்தால்தானே இவள் நிற்பாள் என்று அடுத்த வெள்ளிக்கிழமை காலை அவர் அடுப்பையே மூட்டவில்லை. சற்று நேரத்தில் ஹோலிலிருந்து ஒரு சத்தம். கரண்டியால் வெறுந்தட்டில் தட்டுவதுபோல. போய்ப் பார்த்தார். கரண்டியும் இல்லை, தட்டும் இல்லை. படம் மட்டும் அவரைப் பார்த்தது.

பயத்தோடு கோபமும் வந்தது. கண்ணூறு ஓட்டுவது செத்தல் மிளகாய் என்றால், இவளை மட்டும் ஓட்டாதா? கத்தரிக்காய்க் கறிக்குள் செத்தலை அள்ளிப் போட்டார், தூளையும் கைநிறையக் கொட்டினார். தும்மித் தும்மிப் படைத்தார். பக்கத்து வீட்டுக்காரரின் உடனே படம் வரும் கமராவால், மாலை, விளக்கு, தட்டு எல்லாவற்றோடும் ஒரு ஃபோட்டோ எடுத்தார். மாலையைக் கழற்றக் கை வரவில்லை. தட்டிலிருந்த கறியை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். வெறும் சக்கை.

மத்தியானம் ஆவணக்காப்பகத்தில் தாடிக்காரர் ஃபோட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்தப் பெண் யார்?”

“தெரியாது. இறந்துவிட்டார், அது மட்டும் தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“படைப்பதைச் சாப்பிடுகிறாரே.”

தாடிக்காரர் மேசையிலிருந்த பென்சிலை எடுத்தார். பிறகு ஃபோட்டோவின் பின்புறத்தில் ‘காலமானவர்’ என்று எழுதி, “டொலறஸ், இதைக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்” என்று கூப்பிட்டார்.

மூலைக்கிழவி எழுந்து வந்தாள். முகம் சிவந்து, மூக்கு ஒழுகியது. ஒரு கையில் தண்ணீர்க் கிளாஸ். ஃபோட்டோவை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள்.

“இது நான்” என்றாள். “பதினெட்டு வயதில். செவன் கிங்ஸில் அந்த ஓவியன் வாடகைக்கு இருந்த வீட்டு மேலறையில் உட்காரவைத்துக் கீறினான்.”

தாடிக்காரர் அவசரமாக அழிறப்பரைத் தேடினார். குலசேகரம் அவளுடைய கண்களைப் பார்த்தார். அதே கண்கள். நெஞ்சுக்குள் குளிர்ந்தது. உயிரோடு இருக்கும் மனுஷி. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. உரியவளிடம் படத்தைக் கொடுத்துவிட்டால் கனகாம்பிகை இன்றைக்கே சூட்கேஸோடு வந்துவிடுவாள்.

“அம்மா, படம் உங்களுடையது. இப்பவே போய் எடுத்துவருகிறேன், கொண்டுபோய் உங்கள் வீட்டில் மாட்டுங்கள்.”

டொலறஸ் படத்துப் பெண்ணைப் பார்க்கவில்லை. அவளுடைய விரல் கீழே இருந்த தட்டில், கத்தரிக்காய்க் கறியின்மேல் நின்றது. தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தாள்.

“வேண்டாம், படம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்” என்றாள். “ஆனால் முதலில் சமைத்த ஆளையே திரும்பக் கூப்பிடுங்கள், இந்த இரண்டு வெள்ளிக்கிழமையும் உறைப்புத் தாங்க முடியவில்லை.”