லக்மன் கற்றுக்கொண்டவன் கசானுக்கு எழுதியது

கசானில் பேரனை வளர்க்கப் போயிருக்கும் என் மதிப்புக்குரிய பைபிச்சே, வீட்டுக்கு மூத்த நாயகி சாயிராகுலுக்கு, கராகோலிலிருந்து உன் வீட்டுக்காரன் தொக்தோசுன் முறைப்படி சலாம் சொல்லி எழுதுவது. மாடு நலம், கோழிகள் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

இன்னும் ஒரு குளிர்காலம் அங்கேயே இருந்துவிடட்டுமா, தனியாகச் சமாளிப்பீர்களா என்று கேட்டிருந்தாய். மாட்டேன். காரணத்தைப் பொறுமையாகப் படி. நம் மகள் பெர்மெத் என் போனில் ஒரு ஏஐ ஏஜென்ட்டைப் போட்டுக்கொடுத்தாளே, செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னால் அது குறிப்பெடுத்து, பாடமாக்கி, மறுநாள் கேள்வியும் கேட்கும் என்று, அதை நம்பி, நீ மாவைக் கையால் நூல் நூலாக இழுத்துச் செய்வாயே அந்த லக்மன் நூடுல்ஸைச் செய்யக் கற்றுக்கொள்ள இறங்கினேன். உப்பு எவ்வளவு என்றது, என் வீட்டுக்காரி போடுகிற அளவு என்றேன். மாவு எவ்வளவு நேரம் ஊறணும் என்றது, அவள் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசி முடிக்கிறவரை என்றேன். அதையும் மரியாதையாகக் குறித்துக்கொண்டு, பேச்சு சராசரியாக எவ்வளவு நேரம் நீளும் என்று கேட்டது. எனக்கென்ன தெரியும், நான் என்றைக்குக் காது கொடுத்தேன்? மாவை இழுத்தால் அறுந்தது, அறுந்ததை வீசினால் விளக்கில் போய்த் தொங்கியது, அதை எடுக்க ஏறியதில் நாற்காலி போச்சு. அந்த நேரம் பார்த்து என் சீட்டாட்டக் கூட்டாளி ஷெர்ஷென்பெக் வந்தான், அடுப்பைப் பார்த்தான், கையேந்தி இந்த வீட்டுக்கு நல்ல காலம் வரட்டும் என்று வேண்டி முகத்தைத் தடவிக்கொண்டான். மறுநாள் ஏஜென்ட் தயாரித்த பாடத்தில் ஐந்தாம் படி என்ன தெரியுமா? நண்பரை வரவழைத்துக் கையேந்தச் சொல்லவும், பிறகு தண்ணீர் கொதிக்கும்.

அதோடு விட்டதா? போன வாரம் என் குறிப்புகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருக்கிறது. "ஐயா, ஒரு சந்தேகம். ஒவ்வொரு தடவையும் மாவை மூடி வெச்சுட்டு வாசல் வரைக்கும் போயிட்டு வரேன்னு சொல்றீங்க. அங்க போய் என்ன செய்யணும்னு குறிப்புல இல்லையே?"

"பஸ் வர்ற நேரம். பார்ப்பேன்."

"பஸ்ல என்ன வரணும், ஐயா?"

போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டேன். உள்ளே இருந்துகொண்டும் ஏதோ கேட்டுக்கொண்டேதான் இருந்தது. நீ இல்லாத வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, சாயிராகுல், அதை ஒரு மெஷினிடம் எப்படிச் சொல்வது? ஆகவே இதனால் தெரிவிப்பது என்னவென்றால், எனக்குச் சமையல் வராது, வரவே வராது, பட்டினியில் இளைத்துப் பெல்ட்டில் புது ஓட்டை போட்டாயிற்று, பனி விழுவதற்குள் புறப்பட்டு வா.

பேரனுக்கு முத்தம், மாப்பிள்ளைக்கு சலாம். பயணம் நல்லபடியாக அமைய, உன் பாதை வெண்மையாக இருக்கட்டும்.

தொக்தோசுன்

பின்குறிப்பு: ஷெர்ஷென்பெக் போனில் உன்னிடம் உளறுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நேற்று லக்மன் நன்றாக வந்துவிட்டது. ஒரு இழைகூட அறுபடவில்லை, உப்பும் சரி. ஒரு வாய் வைத்ததும் அவன், "சாயிராகுல் வந்துட்டாங்களா?" என்று அடுப்படியை எட்டிப் பார்த்தான். நானும் எட்டிப் பார்த்தேன். பெல்ட் ஓட்டையும் பொய், எனக்குத் தொப்பை போட்டிருக்கிறது. பாடம் முடிந்தது, அடுத்து என்ன கற்கலாம் என்று ஏஜென்ட் கேட்கிறது. குளிர்காலத்தைத் தாராளமாகச் சமாளிப்பேன். உன்னைக் கூப்பிட எனக்கு இனி ஒரு சாக்கும் கிடையாது. சும்மா வா.