எல்லைக்கல்லும் ஐந்து மணிக்கட்டுகளும்

எழுமலை கிராமத்து முத்துப்பாண்டிக்கு ஒன்றேகால் ஏக்கர் நிலமும், அதன் நான்கு மூலைகளில் நான்கு எல்லைக்கற்களும் இருந்தன. போன ஆவணியில் ஒருநாள் சுற்றிவந்து பார்த்தபோது கற்கள் மூன்றுதான் இருந்தன. வடகிழக்கு மூலையில் கல் நின்ற இடத்தில் ஒரு குழி இருந்தது.

பக்கத்து நிலம் அவருடைய சித்தப்பா மகன் சின்னக்கருப்பனுடையது.

"டிராக்டர் இடிச்சிருக்கும்ணே. கல்லு எங்க போயிரப் போகுது" என்றான் அவன்.

கல் எங்கே போனதோ தெரியாது. அவனுடைய டிராக்டர் மட்டும் அதற்குப் பிறகு ஒவ்வொரு உழவிலும் ஒரு சால் இந்தப் பக்கம் தள்ளியே திரும்பியது. மக்காச்சோளம் போடும் சமயத்தில் முத்துப்பாண்டியின் மனைவி முனீஸ்வரி வரப்பில் நின்று கண்ணாலேயே அளந்தாள். "இன்னும் நாலஞ்சு உழவு போனா நம்ம கெணறு அவன் காட்டுக்குள்ள கெடக்கும்" என்றாள்.

காணாமல் போன கற்களைத் திரும்ப நடுவதற்கென்றே மதுரையில் எல்லைக்கல் பராமரிப்பு மண்டல அலுவலகம் என்று ஒன்று இருந்தது. முத்துப்பாண்டி ஒரு மனு எழுதி எடுத்துக்கொண்டு, உசிலம்பட்டியில் பஸ் மாறி, ஆரப்பாளையத்தில் இறங்கி, அங்கே போனார். பிரிவு எழுத்தர் பசுபதி செல்போனில் குனிந்த தலை நிமிராமல் மனுவை வாங்கி, "பரிசீலனையில இருக்கு" என்றார். கொடுத்த நொடியிலேயே மனு பரிசீலனைக்குப் போய்விட்டதே என்று முத்துப்பாண்டி அன்று கொஞ்சம் சந்தோஷப்பட்டார்.

அப்படிப் பதினோரு தடவை போய்வந்தார். பதினோரு தடவையும் அதே பதில். ஆறாவது தடவைக்குள் பசுபதியின் உச்சந்தலைச் சுழி அவருக்கு நன்றாக மனப்பாடமாகிவிட்டது. முகம் எப்படியிருக்கும் என்பது மட்டும் தெரியாது.

தலை நிமிராததற்கு அலுவலக முறையிலான காரணம் இருந்தது.

மண்டல அலுவலர் ஜெயராம் சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்த்துவிட்டு வரும்போது கையில் ஒரு கடிகாரத்தோடு வந்தார். கடிகாரம் இருந்தால் மட்டும் போதுமா, நாலு பேர் பார்க்க வேண்டாமா. எனவே பொதுநலன் கருதி 'இன்று என் மணிக்கட்டில்' என்று ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கினார். அலுவலகத்தில் எல்லோரும் அன்றன்று கட்டியிருக்கும் கடிகாரத்தைப் படமெடுத்துக் காலை பத்தேகாலுக்குள் போட வேண்டும். மற்றவர்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். செல்போனில் மணி பார்த்துக்கொண்டிருந்த ஊழியர்கள் ஒரே வாரத்தில் கடிகாரம் வாங்கினார்கள். ஒன்றை வைத்துத் தினமும் என்ன செய்வது என்று இன்னொன்றும் வாங்கினார்கள். டயல், முள், சங்கிலி, வார் என்று பேச்சு வளர்ந்து, கோப்புகளில் எழுத வேண்டிய வாசகங்களெல்லாம் குழுவுக்கு இடம்பெயர்ந்தன. 'நீல டயல் கண்ணுற்றேன். ஏற்கப்படுகிறது' என்று ஒருவர் எழுதுவார். 'உரிய வழியாக மேலதிகாரியின் பார்வைக்கு' என்று இன்னொருவர் எழுதுவார்.

கண்காணிப்பாளர் கனகலட்சுமி இதற்கு விதிமுறைகள் வகுத்துச் சுற்றறிக்கை விட்டார். படத்தில் முகம் வரக்கூடாது. பின்னணியில் கோப்பு தெரியக்கூடாது, அது ரசனைக் குறைவு. முட்களை எப்போதும் பத்து மணி பத்து நிமிடத்தில் நிறுத்தியே படமெடுக்க வேண்டும், அப்போதுதான் டயலில் உள்ள பெயர் மறையாமல் தெரியும். இந்த மூன்றாவது விதியால் ஒரு நிர்வாகச் சீர்திருத்தமும் தானாகவே நடந்தது. பதினொன்றரைக்கு வருகிறவர் வீட்டிலிருந்தே போடும் படத்திலும் மணி பத்து பத்துதான். ஆவணப்படி அந்த அலுவலகத்தில் யாரும் தாமதமாக வருவதில்லை.

பன்னிரண்டாவது தடவை போனபோது முத்துப்பாண்டி மனுவின் நகலை நீட்டினார். சட்டைக் கை மேலேறி, கல்யாணத்துக்கு மாமனார் போட்ட சாவிக் கடிகாரம் வெளியே தெரிந்தது. பசுபதி தலை நிமிர்ந்தார். மீசை இல்லாத, கண்ணாடி போட்ட, சாதுவான முகம்.

"அண்ணே, கைய அப்படியே வையிங்க. அசைக்காதீங்க."

முத்துப்பாண்டி அசையாமல் நின்றார். படம் எடுக்கப்பட்டு, முட்கள் பத்து பத்துக்கு நகர்த்தப்பட்டு, மறுபடியும் எடுக்கப்பட்டது. அடுத்த நிமிடமே உள்ளே இருந்து ஜெயராம் கூப்பிடுவதாகத் தகவல் வந்தது. மூன்று மாதமாக மனுவால் திறக்க முடியாத கதவைப் பசுபதியே தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"உட்காருங்க" என்றார் ஜெயராம். "எத்தன வருஷமா கட்டுறீங்க?"

"முப்பத்தொரு வருஷம் சார். சார், என் கல்லு ஒண்ணக் காணோம்."

ஜெயராம் முகம் சுருங்கியது. பழைய சாவிக் கடிகாரங்களின் இயந்திரத்துக்குள் பற்சக்கரம் தேயாமலிருக்கப் பொடிப்பொடியாகப் பதினேழு கல் பதித்திருப்பார்கள். அவருக்கு அந்த நினைப்பு.

"யாருகிட்டயாவது கழட்டக் குடுத்தீங்களா?"

"குடுக்கல சார். பங்காளி மேலதான் சந்தேகம்."

"அவருக்கு இந்த வேல தெரியுமா?"

"டிராக்டர் வச்சிருக்கான் சார்."

"டிராக்டர வச்சு எப்படிங்க அதக் கழட்ட முடியும்?"

"ஒரு இடி இடிச்சா போதும் சார். மூணு கல்லுதான் மிச்சம்."

ஜெயராம் எழுந்தே விட்டார். பதினேழில் பதினான்கு போயும் ஒரு கடிகாரம் ஓடுகிறதென்றால் அது உலகம் அறிய வேண்டிய விஷயம். பேசிப் பேசி, அது நிலத்துக் கல் என்று அவருக்குப் புரிந்தபோது ரொம்பவும் ஏமாற்றமாகிவிட்டது. "அது பரிசீலனையில இருக்குமே" என்றார். ஆனாலும் முத்துப்பாண்டியைக் குழுவில் சேர்த்துவிடச் சொன்னார்.

அன்று இரவு முனீஸ்வரி கேட்டாள். "கல்லு என்னாச்சு?"

"என்னைய மெம்பராச் சேத்திருக்காக."

"எதுல?"

அவர் விளக்கினார். அவள் கேட்டுவிட்டு, "அப்ப நாளைக்கு அந்தக் குழிகிட்ட நின்னு எடுத்துப் போடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் முத்துப்பாண்டி வடகிழக்கு மூலைக்குப் போய், குழிக்கு மேலே கையை நீட்டிப் படமெடுத்துப் போட்டார். ஒரு நிமிடத்துக்குள் பதினான்கு பேர் பார்த்தார்கள். 'செம்மண் பின்னணி அருமை' என்றது ஒரு கருத்து. அதற்கடுத்த நாள் மனுவைக் குழிக்குள் விரித்து வைத்து, அதன்மேல் கையை வைத்து எடுத்தார். 'பின்னால் தெரிவது என்ன?' என்று கேட்டார் கனகலட்சுமி. முத்துப்பாண்டி உடனே, 'கல்லு இருந்த குழி மேடம். அதுல என் மனு' என்று எழுதினார். 'காகிதத்தில் வெளிச்சம் பட்டு டயல் மேல் நன்றாக விழுகிறது. தொடரவும்' என்று பதில் வந்தது.

அவரும் தொடர்ந்தார். குழியின் நான்கு பக்கமும் எடுத்தார். சின்னக்கருப்பன் புதிதாக ஓட்டிய சாலுக்கு மேலே கையை வைத்து எடுத்தார். நாளாக நாளாக அவருக்கே கை பழகிவிட்டது. வெயில் எந்தச் சாய்வில் விழுந்தால் முள் மின்னும், எத்தனை மணிக்குக் கண்ணாடியில் தன் நிழல் விழாது என்பதெல்லாம் தெரிந்தது. ஒருநாள் குழிக்குப் பதிலாக மக்காச்சோளக் கதிரைப் பிடித்தபடி போட்ட படத்துக்கு இருபத்திரண்டு பேர் பாராட்டுத் தெரிவித்தார்கள். அடுத்த மூன்று நாள் அவர் குழியின் பக்கமே போகவில்லை. முனீஸ்வரிதான் ஞாபகப்படுத்தினாள்.

இந்தப் படங்களையெல்லாம் பார்த்துவிட்டு ஜெயராமுக்கு ஒரு யோசனை பிறந்தது. எத்தனை நாளைக்குத்தான் மேசைக் கண்ணாடி மேல் கையை வைத்துப் படமெடுப்பது. வயல்வெளியில் எல்லோரும் சேர்ந்து கையை வைத்து ஒரு படம் எடுத்தால் என்ன. அதற்குக் 'கள ஆய்வு' என்று தலைப்பிட்டு ஜீப்புக்கு உத்தரவு போட்டார்.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஜீப் எழுமலைக்கு வந்தது. ஜெயராம், கனகலட்சுமி, பசுபதி, சர்வேயர் தமிழ்ச்செல்வி என்று நால்வர் இறங்கினார்கள். முத்துப்பாண்டி புது ஸ்ட்ராப் மாட்டித் தயாராக நின்றார். மூலையைப் பார்த்த ஜெயராம், "கைய எதுமேல வைக்கிறது?" என்றார். வரப்பில் வைத்தால் மண் ஒட்டும். ஜீப் பானட் சுடும். இடுப்பளவு உயரத்தில், தட்டையாக, உறுதியாக ஒன்று வேண்டும்.

"இங்க ஒரு கல்லு இருந்துச்சு சார்" என்றார் முத்துப்பாண்டி.

"அப்ப நடுங்க" என்றார் ஜெயராம். "உடனே நடுங்க."

ஐந்து மாதமாக நடக்காத காரியம் ஒன்றரை மணி நேரத்தில் நடந்தது. தமிழ்ச்செல்வி சங்கிலி போட்டு அளந்தாள். அவள் வேலையில் கெட்டி, ஒரு விரல்கடை பிசகவில்லை. உசிலம்பட்டியிலிருந்து வண்டியில் கல் வந்தது. கை வைக்க வசதியாக இருக்கட்டும் என்று நல்ல உயரமான கல்லாகவே எடுத்து வந்தார்கள்.

நடும் நேரத்தில் சின்னக்கருப்பன் வேகமாக வந்தான். "எனக்கு ஆட்சேபண இருக்கு சார்" என்று கையை உயர்த்தினான். மருமகன் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் வாட்ச் அதில் பளபளத்தது.

கனகலட்சுமி அதைப் பார்த்தார். "இது ராத்திரி சார்ஜ் போடுறதுதானே?"

"ஆமா மேடம்."

"சார்ஜ் போடுறதெல்லாம் கடிகாரத்துல சேராது. ஆட்சேபனை நிராகரிக்கப்படுகிறது."

சின்னக்கருப்பன் அவர்கள் கைகளில் இருந்த கடிகாரங்களைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். நட்ட கல்லின் மேல் ஐந்து பேரும் கையை வைத்தார்கள். டிரைவர் நேர் மேலிருந்து படமெடுத்தார். குழு தொடங்கிய நாளிலிருந்து இப்படியொரு படம் வந்ததில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். முனீஸ்வரி அன்று அத்தனை பேருக்கும் கோழிக்குழம்பு வைத்தாள். கல் சரியான இடத்தில் நின்றது. கிணறு அவர்கள் பக்கம் இருந்தது.

ஆறு வாரம் கழித்துப் பதிவுத் தபாலில் ஒரு அறிவிப்பு வந்தது.

'தங்கள் நிலத்தின் வடகிழக்கு மூலையில், இவ்வலுவலகத்தால் நடப்படாத கல் ஒன்று அனுமதியின்றி நின்றுகொண்டிருப்பதாகப் புகார் வரப்பெற்றுள்ளது. மேற்படி கல் ஏன் அங்கு நிற்கிறது என்பதற்குப் பதினைந்து நாள்களுக்குள் விளக்கம் அளிக்கத் தவறினால் அது அகற்றப்படும்.' கீழே ஜெயராமின் கையெழுத்து.

இந்தத் தடவை முனீஸ்வரியும் கூடவே மதுரைக்கு வந்தாள். ஜெயராம் இருவரையும் அன்பாக உட்காரவைத்தார். கனகலட்சுமியும் பசுபதியும் கோப்போடு நின்றார்கள்.

"சார், நீங்கதான நட்டீங்க" என்றார் முத்துப்பாண்டி.

"நான்தான் நட்டேன். அது எனக்குத் தெரியும். அலுவலகத்துக்குத் தெரியாது."

விஷயம் இதுதான். கல் நட்டால் நட்ட அன்றே படமெடுத்துச் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அன்று எடுத்த ஒரே படத்தை அனுப்பினார்கள். 'படத்தில் ஐந்து கைகள் உள்ளன. கல் இல்லை. எனவே கல் நடப்படவில்லை எனக் கருதப்படுகிறது' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதற்குள் சின்னக்கருப்பன் புகார் கொடுத்துவிட்டான். அவன் மதுரை நேதாஜி ரோட்டில் அருமையான சாவிக் கடிகாரம் ஒன்று வாங்கி, போன வாரம்தான் குழுவில் சேர்ந்திருந்தான்.

"அப்ப இப்ப வந்து ஒரு படம் எடுத்துக்கங்க" என்றாள் முனீஸ்வரி.

"நட்ட அன்னைக்கு எடுத்ததுதான்மா செல்லும்" என்றார் பசுபதி.

"அப்ப பிடுங்கிட்டு இன்னைக்கே திரும்ப நடுங்க."

"பிடுங்கணும்னா முதல்ல நட்டதாப் பதிவு இருக்கணுமே" என்றார் கனகலட்சுமி. வருத்தமாகத்தான் சொன்னார்.

முத்துப்பாண்டிக்கு முதன்முறையாகக் கோபம் வந்தது. "அம்புட்டு உசரமான கல்லு சார். ஒரு ஓரங்கூடவா தெரியல? எவரு கை சார் அத மறைச்சுச்சு?"

பசுபதி கணினித் திரையில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். இடது ஓரத்தில் ஜெயராமின் சிங்கப்பூர் கடிகாரம். அதன் கீழே கனகலட்சுமியின் தங்க நிறச் சங்கிலி. பசுபதியின் கையும் தமிழ்ச்செல்வியின் கையும் வலது பக்கம் ஒதுங்கி, ஒரு ஓரமாக. நடுவில், எல்லாவற்றுக்கும் முன்னால் நீண்டு, ஐந்து விரலையும் அகல விரித்து, கல்லின் தலையையும் அதில் வெட்டியிருந்த அம்புக்குறியையும் ஒன்றுவிடாமல் மூடிக்கொண்டு ஒரு கை இருந்தது.

முனீஸ்வரி குனிந்து பார்த்தாள். "கட்டவெரல்ல அருவா வெட்டுன தழும்பு இருக்கு" என்றாள். "இது நீங்கதான்."

முத்துப்பாண்டி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகில் போனார். வெகுநேரம் பார்த்தார்.

"ஸ்ட்ராப்பு பளிச்சுன்னு விழுந்திருக்குல்ல சார்" என்றார்.

ஜெயராமும் கனகலட்சுமியும் பசுபதியும் குனிந்து பார்த்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் அரசுக்கும் மனுதாரருக்கும் இடையே கருத்து வேறுபாடு எதுவும் எழவில்லை.