ஆறு சம்மதித்த கூட்டம்

ஆற்றுக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்த பெருமை, ஈரேழு உலகத்திலும் ஆக்லாந்து நகரத்து ஆலோசனை நிறுவனம் ஒன்றையே சேரும். ஆற்றைச் சட்டமே ஓர் ஆளாக மதிக்கிற நாடு இது. பின்னே, இவர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா?

அந்த ஆறு கடல் தாண்டி, ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் கிடந்தது. மழை வந்தால் ஓடும். வராவிட்டால் ஒரே ஒரு மடுவாகச் சுருங்கிப்போகும். மீன்களுக்கு அந்த மடுதான் கதி. "பிராந்திய வளர்ச்சி"க்கும் அதே மடுதான் வேண்டுமாம்: பாதாம் தோட்டம், புது நகரம், போனால் போகிறதென்று ஒரு கோல்ஃப் மைதானம். இரண்டையும் "சமன்" செய்யக் கூட்டம் கூடியது.

ஆற்றின் சார்பில் பேசும் திருப்பணி வரதராஜனுக்கு வாய்த்தது. நீர்க்கணக்குப் போட்டவரே அவர்தான். மடுவில் கைவைத்தால் வருகிற கோடையில் மீன் ஒன்றுகூட மிஞ்சாது என்று அவருக்குத் தெரியும். அவருடைய வேலை விசா முடியப்போகிறது என்று மேலாளர் திலகாவுக்குத் தெரியும்.

நாற்காலியில் 'ஆறு' என்று அட்டை. எதிரே, ஆற்றின் கௌரவத்துக்காக ஒரு கிளாஸ் தண்ணீர்.

"ஆறு என்ன நினைக்குது?" திலகா பயபக்தியோடு கேட்டாள். கோலாலம்பூர்க்காரி; அந்த ஊர் வழக்கப்படி பேச்சுக்குப் பேச்சு 'லா' போட்டாலும் மரியாதை தெரிந்தவள்.

"மடுவை விட்டுடுங்க மேடம். எனக்கு... ஆத்துக்கு அது ஒண்ணுதான் இருக்கு."

"ஆறு ரொம்ப எமோஷனலா பேசுது லா. ஆளுக்குப் பாதி. அதுதானே சமன்?"

"பாதி மடுல மீன் பொழைக்காதுங்க."

திலகா குனிந்து காதோரம் சொன்னாள்: "உங்க விசா பேப்பர் என் மேசையிலதான் இருக்கு லா. ஆறாவே இருந்து, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அடேயப்பா, அந்த ஒரு நொடியில் ஆற்றுக்கு என்ன ஞானம் வந்தது! "சரி" என்றது ஆறு. கைதட்டல் அடங்கவே இல்லை. வரதராஜனுக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. கிளாஸை எடுத்து மடமடவென்று குடித்தார்.

"ஐயோ, அது ஆத்துக்கு வெச்ச தண்ணி லா!" என்று திலகா சிரித்தாள். 'ஆறு முழுமனதுடன் இசைந்தது' என்று தீர்மானம் நிறைவேறியது.

வரதராஜன் கிளென் ஈடன் புறநகர் வீட்டுக்குத் தொப்பலாக நனைந்துதான் போய்ச் சேர்ந்தார். ஆக்லாந்து மழை யாருடைய சம்மதத்தையும் கேட்பதில்லை. மனைவி பிரசாந்தி துண்டை நீட்டினாள்.

"திலகா கையெழுத்துப் போட்டாச்சு. இன்னும் மூணு வருஷத்துக்குக் கவலையில்ல."

"அப்பாடா! அந்த ஆத்துக்கு?"

துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"கோடை வரைக்கும்."