மூன்றே மூன்று ஸ்டேஷன்

ஓசூரில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவனுக்குத் தூக்கம் கண்ணில் இருப்பதில்லை, உட்காரும் சீட்டில் இருக்கிறது. கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தால் கண் மூடும்; கேட் வந்து டிரைவர் அண்ணன் தகரத்தைத் தட்டினால் திறக்கும். ஏழு வருடப் பழக்கம். என் மானத்தை வாங்கியதும் அதுதான்.

எனக்குப் பார்த்த பெண் நிவேதாவுக்குப் பெங்களூரில் ஐ.டி. வேலை. (சொந்த ஊர் நாகரசம்பட்டிதான். ஆனாலும் பெங்களூர்ப் பெண் என்றால் கொஞ்சம் மிரள வேண்டாமா?) "நைட் ஷிஃப்ட் மாப்பிள்ளை வேண்டாம்" என்று இரண்டு பேரைத் தட்டிக்கழித்தவள். அவள் குரல் எனக்குப் பிடித்துத் தொலைத்துவிட்டதா, "நைட் ஷிஃப்ட்டெல்லாம் நமக்கு ஜுஜுபிங்க, தூக்கமே வராது" என்று போனில் அளந்துவிட்டேன். சரி, நேரில் பார்க்கலாம் என்றாள். ஞாயிறு காலை பத்து மணி, கப்பன் பார்க், சிவப்பு நூலகக் கட்டடம். அவள் தாய்மாமனும் வருவார்.

இரவு ஷிஃப்ட் முடிந்து, கம்பெனி பாத்ரூமிலேயே குளித்து, புதுச்சட்டை போட்டு பஸ் ஏறினேன். தூங்கிவிடுவேனோ என்ற பயத்தில் பெங்களூர் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு வரை நின்றுகொண்டே போனேன். அந்தக் கட்டடத்தை எந்த வெள்ளைக்காரன் ஏன் கட்டினான் என்று அவளிடம் அளக்க வழியெல்லாம் மனப்பாடம் வேறு. மெஜஸ்டிக்கிலிருந்து மெட்ரோவில் மூன்றே மூன்று ஸ்டேஷன். ஏ.சி. காற்று. உட்கார்ந்தேன். கெட்டது குடி.

"ஏளி சார், ஏளி! லாஸ்ட் ஸ்டாப்!" எழுந்திருக்கச் சொல்லி மெட்ரோ காவலர் உலுக்கினார். ஒயிட்ஃபீல்டு! மணி பத்தரை. அலறியடித்துக்கொண்டு திரும்பும் ரயிலில் ஏறினேன். ஒரே நிமிஷம் என்று உட்கார்ந்தேன். (நீங்கள் நினைப்பது சரி.)

கண் திறந்தால் ஊரின் மறுகோடி, செல்லகட்டா. வெள்ளைக்காரன் பார்க், சட்டசபை, கண்ணாடி ஆபீஸ்கள் எல்லாவற்றையும் இரண்டு தடவை கடந்திருக்கிறேன், எதையும் பார்க்காமல். சைலன்ட்டில் கிடந்த போனில் பதினாலு மிஸ்டு கால். நிவேதாவைக் கூப்பிட்டேன்; நல்ல பொய் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"தூங்கிட்டேங்க" என்றேன், அழாத குறையாக. "ரெண்டு தடவை."

போச்சுடா என்று நினைத்தேன்.

"அடுத்த ட்ரெயின்ல ஏறுங்க. சீட்டு காலியா இருந்தாலும் உக்காராதீங்க. நின்னுட்டே வாங்க. போனை வெச்சுராதீங்க" என்றாள்.

காலி சீட்டுகளுக்கு நடுவே கம்பியைப் பிடித்து நின்றேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் காதில், "முழிச்சிருக்கீங்களா?"

போய்ச் சேரும்போது ஒரு மணி. மாமா முறைத்தார். "இவனா தூக்கமே வராதுன்னவன்?"

"அது பொய்தான் மாமா. ஆனா மாட்டினதும் உண்மையச் சொல்லிட்டாருல்ல? முன்னாடி வந்த ரெண்டு பேரும் தூங்கிட்டு லேட்டா வந்து ட்ராஃபிக்குன்னு சொன்னாங்க" என்றாள். மனப்பாடம் செய்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

முகூர்த்தத்தன்று மணையில் உட்காரப் போனேன். மாமா மண்டபமே கேட்கக் கத்தினார்: "யாருப்பா அவர உக்கார வெக்கறது? தாலி கட்டற வரைக்கும் நிக்க வைங்க!" மந்திரம் சொல்ல வந்தவரே சிரித்துவிட்டார்.

இன்றும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் எல்லோருக்கும் நாற்காலி வரும். என்னிடம் வரும்போது மட்டும் நிவேதா தடுப்பாள்: "அவருக்கு வேணாங்க. எறங்குற எடம் போயிரும்."