செட்டு வைத்த எல்லோருக்கும் பல் போயிருக்கிறது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மச்சான் எழுதுவது. இங்கு நானும் என் மூன்று பற்களும் நலம். அங்கு நீங்களும் என் தங்கையும் உங்கள் பல்செட்டும் எப்படி இருக்கிறீர்கள்?

நீங்கள் படித்துப் படித்துச் சொன்னதால்தான் போன வாரம் மகளோடு பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உட்கார்ந்த இடத்துக்கு எதிர்ச்சுவரில் ஓர் அறிவிப்பு. “பல்செட் வைத்துக்கொள்பவர்களிடம் பல் இழப்பு மிகப் பரவலாகக் காணப்படுகிறது.” கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். அவர்களே எழுதி அவர்களே ஒட்டியிருக்கிறார்கள்! முப்பத்தெட்டு வருஷம் மோட்டார் ரிப்பேர் பார்த்தவன் நான். யாரிடமும் தொழில் படித்ததில்லை. பத்து மோட்டார் எரிந்து வந்து, பத்திலும் ஒரே கம்பெனிக் கம்பி சுற்றியிருந்தால் கம்பியைத்தான் பிடிப்பேன். அதனால் அங்கிருந்தவர்களை ஒவ்வொருவராக விசாரித்தேன். செட்டு வைத்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் பல் போயிருக்கிறது. ரிட்டயரான பஸ் கண்டக்டர் ஒருவர், “மேலயும் இல்ல, கீழயும் இல்ல. வண்டி காலிண்ணே!” என்று வாயைத் திறந்தே காட்டினார். செட்டு வைக்காமல் துணைக்கு வந்த நாலு பேருக்கும் பல் வரிசையாக இருந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

உள்ளே போனதும் டாக்டரம்மா, மூன்றையும் எடுத்துவிட்டு முழு செட்டு வைக்கலாம், வியாழக்கிழமை வாருங்கள் என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

“ஐயா, பல்லு போனதாலதான் செட்டு வைக்கிறாங்க. செட்டு வச்சதால பல்லு போகல.”

“சரிம்மா. முப்பத்திரண்டு பல்லும் இருக்கு, செட்டும் வச்சிருக்காரு, அப்படி ஒருத்தரக் காட்டுங்க.”

“அப்படி யாரும் இருக்க மாட்டாங்கய்யா.”

“அதத்தான் நானும் சொல்றேன்!”

அந்த அம்மாள் என் மகளைப் பார்த்தார். மகள் கூரையைப் பார்த்தாள். வீடு வந்து சேரும்வரை அவள் வாய் ஓயவில்லை. “மூணு பல்ல வச்சுக்கிட்டு என்ன ஏலமா விடப் போறீங்க? ஒரு வருஷமா எல்லாத்தையும் கூழாக் கரைச்சுத் தர்றேன். எனக்குக் கை வலிக்குதுப்பா.” வலிக்கட்டும் என்று சொல்லவில்லை. ஆனால் இந்த மூன்றும் என்னோடு பிறந்து வளர்ந்தவை. மூச்சிருக்கும்வரை விடமாட்டேன். வியாழக்கிழமை நான் வீட்டை விட்டு நகரப் போவதில்லை. நீங்கள் தொலைபேசியில் அவளுக்குப் பரிந்து பேசினாலும் பலிக்காது. செட்டு வைப்பதற்கு முன்னால் உங்களுக்கு எத்தனை பல் இருந்தது என்பதை மட்டும் மனசாட்சியோடு யோசித்துப் பாருங்கள்.

தங்கையும் பிள்ளைகளும் சொந்தப் பல்லோடு நீண்ட காலம் சிரித்துக்கொண்டிருக்க என் ஆசிகள். காலம் கடந்துவிட்டாலும் உங்களுக்கும் அதே.

இப்படிக்கு,
மனம் மாறாத மச்சான்

பி.கு.: கையெழுத்துப் போட்டுவிட்டு, உறைமேல் விலாசம் எழுதப் பேனா மூடியைப் பல்லால் கழற்றினேன். நடுப்பல் மூடியோடு வந்துவிட்டது. டாக்டரம்மா மேஜையில் இருந்த மாதிரிச் செட்டை அன்று ஒரு நிமிஷம் கையில் எடுத்துப் பார்த்தேன். தொட்டதற்கே இந்தக் கதி. மீதி இரண்டும் ஆடுகின்றன. எப்படியும் போகப்போகிறவை. ஆகவே வியாழக்கிழமை போகிறேன். செட்டில் மேல்வரிசையை முதலில் மாட்டுவதா, கீழ்வரிசையையா? பதில் என் பெயருக்கு வரட்டும், மகள் கையில் கிடைக்க வேண்டாம்.